ஆபத்துக்கென்று வைத்த காற்று

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலே பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். எனக்குச் சொன்னவர் கொம்பையா அண்ணாச்சி. அன்று தண்ணீருக்குள் இருந்த மூன்று பேரில் ஒருவர். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதுதான் என் சங்கடமே.

கூழாங்குளத்தில் மலையடியில் ஒரு சுனை உண்டு. அதன் தண்ணீர் பாறைக்கு அடியில் ஒரு குகைக்குள் ஓடி மறையும். அங்கே குளிக்க வந்த சுடலைமுத்து, தன் பல்செட்டைக் கழற்றி மருமகன் சடையாண்டியிடம் நீட்டினார். "ஓடுற தண்ணியில விட்டு அலசுங்க மாப்பிள்ளை."

சடையாண்டி விட்டான். அது ஓடிவிட்டது.

"பல்லு வந்தாத்தான் பொண்ணு வருவா" என்று பொக்கை வாயால் அறிவித்துவிட்டு, சுடலைமுத்து மகளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார்.

மூன்று நாள் தானே சமைத்துச் சாப்பிட்ட பிறகு சடையாண்டிக்குப் பெண்டாட்டியின் அருமை புரிந்தது. கடற்கரைப் பக்கம் போய், குகைக்குள் முக்குளிக்கச் சொல்லித்தரும் செல்வின் மாஸ்டரை அழைத்து வந்தான். கொம்பையா அண்ணாச்சியும் வீரணனும் துணைக்குச் சேர்ந்தார்கள். மாஸ்டர் பத்து நாள் கிணற்றில் பழக்கினார்.

"கடல்ல காத்து தீர்ந்தா மேல வந்திரலாம். குகையில மேல பாறைதான் இருக்கும்" என்றார் மாஸ்டர். "அதனால ஆளுக்கு ரெண்டு சிலிண்டர். முதுகுல இருக்கிறது மூச்சு விட. நெஞ்சுல இருக்கிறது ஆபத்துக்கு. ஆபத்து வராம அதைத் தொடக்கூடாது."

"ஆபத்து வந்திருக்குன்னு யாரு சொல்லுவா?" என்று கேட்டான் வீரணன்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் முடிவு பண்ணணும்."

"மூணு பேருமா?"

மாஸ்டர் கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். "ம்... மூணு பேரும்தான்."

மாஸ்டரைக் கரையில் விட்டுவிட்டு மூன்று பேரும் இறங்கினார்கள். குகையின் நடுவில் சடையாண்டியின் முதுகுச் சிலிண்டர் பாறையில் இடித்தது. குழாய் பிய்ந்து, காற்றெல்லாம் குமிழியாகப் போயிற்று. தண்ணீருக்குள் பேசிக்கொள்ள மாஸ்டர் ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்திருந்தார். சடையாண்டி எழுதினான்: "எனக்குக் காத்து வரலை. இது ஆபத்தா?"

அண்ணாச்சி டார்ச் அடித்து இரண்டு முறை படித்துவிட்டு, "எனக்கு நல்லா வருதே" என்று எழுதினார்.

"ஓட்டுக்கு விடுவோம்" என்று எழுதினான் வீரணன்.

ஆபத்து என்று ஒரு கை. இல்லை என்று இரண்டு கை. சடையாண்டி முடிவுக்குக் கட்டுப்பட்டவன். நெஞ்சிலிருந்த சிலிண்டரைத் தொடவில்லை. அண்ணாச்சியின் வாய்க்குழாயை வெடுக்கென்று பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி பதறிப்போய் எழுதினார்: "இப்ப ஆபத்துதான். மறு ஓட்டு!"

மறு ஓட்டு நடந்தது. இப்போது மூச்சு தாராளமாக வந்ததால், சடையாண்டி இல்லை என்று கை தூக்கினான். மறுபடியும் இரண்டுக்கு ஒன்று. அண்ணாச்சி பாய்ந்து வீரணனின் குழாயைப் பிடுங்கினார். வீரணன் மூன்றாம் ஓட்டுக் கேட்டான். அவனும் தோற்று, சடையாண்டி மேல் பாய்ந்தான்.

இப்படி ஒன்பது தேர்தல் நடத்தி வெளியே வந்து சேர்ந்தார்கள். மூன்று முகமும் கத்தரிக்காய் நிறம். மூன்று நெஞ்சிலும் நிறை சிலிண்டர்.

"ஏல, இதை ஏம்ல திறக்கல?" என்று அலறினார் மாஸ்டர்.

"ஒரு மூச்சுகூட வீணாக்கல மாஸ்டர்" என்றான் வீரணன் பெருமையாக. "நல்லவேளை, உள்ள ஆபத்து எதுவும் வரல."

மாஸ்டர் மூன்று நெஞ்சுச் சிலிண்டரையும் தானே கழற்றி எடுத்துக்கொண்டார்.

சடையாண்டி மூடிய கையை மெல்ல விரித்தான். உள்ளே பல்செட்! "தேடவே இல்ல. இழுபறியில தானா கையில வந்து மாட்டிச்சு" என்றான்.

சுடலைமுத்து மாட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. "தண்ணியில ஊறிப் பெருத்திருக்கும்" என்றான் வீரணன். அது நியாயமாகப் பட்டது. மகளை அன்றைக்கே அனுப்பி வைத்தார்.

போன மாதம் அண்ணாச்சி இதை மறுபடியும் சொல்லிவிட்டு, வெறும் ஈறு தெரிய விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கேட்கத் தோன்றாததை அன்றுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, குகைக்குள்ள இறங்கும்போது உங்க வாயில பல்லு இருந்துச்சா?"