ஆடு மேய்ந்த முடிவுரை

"இந்தக் கதாநாயகன் அழுதாம்னா, அழுதது யாரு மேடம்? அவனா, அவன் நெஞ்சுக்குள்ள இருக்கிற மிஷினா?"

சவரிமுத்து மூன்று மாதமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறு வயதுக் கல்லூரித் தமிழாசிரியர். ஓய்வு பெறுவதற்குள் டாக்டர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. பாதி மனிதனும் பாதி இயந்திரமுமாகக் கதைகளில் வருகிறவர்களைப் பற்றித்தான் ஆய்வு. அவருடைய நெறியாளர் நஸீமா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஆய்வேட்டின் கடைசி இயல் முடியவே மாட்டேன் என்றது. காரணம் துறைக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு முன்புதான் சவரிமுத்துவின் மார்பில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவருடைய வலக்கை விரல்கள் இடக்கை நாடியைப் பிடித்தபடியே இருந்தன. சாப்பிட மட்டும் விடுவார்.

"கதையைப் பத்திக் கேக்கீங்களா சார், உங்களைப் பத்திக் கேக்கீங்களா?" என்றார் நஸீமா.

சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேத்தி வந்து மடியில உக்காருதா. சந்தோஷமாத்தான் இருக்கு. அது என் சந்தோஷந்தானான்னு ஒரு பயம் மேடம்."

நஸீமா மேஜை மேலிருந்த கடைசி இயலைக் கையில் எடுத்தார். முழுக்கக் கையால் எழுதியது. இயந்திரங்களைப் பற்றி ஆராய்கிற இந்த மனிதர் கம்ப்யூட்டரை நம்பமாட்டார். நகலும் எடுக்கமாட்டார். சொன்னாலும் கேட்கமாட்டார்.

எடுத்தவர், அப்படியே ஜன்னல் வழியாக வீசிவிட்டார்.

ஆடிக் காற்று. தாள்கள் மைதானமெங்கும் பறந்தன. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையை நிமிர்த்தியது.

"ஐயையோ!"

சவரிமுத்து வராந்தாவில் ஓடியதை மாணவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"ஏ மூதி, விடு! அது முடிவுரை! விடுங்கேன்லா!"

ஆடு விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் பாதி அதற்கு, பாதி இவருக்கு என்று ஆயிற்று.

வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். நெறியாளரிடம் அவர் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே மேடம்!"

நஸீமா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆட்டோட மல்லுக்கட்டுனது யாரு சார்?"

"நாந்தான்! வேற யாரு?"

சொன்ன பிறகுதான் தன் கைகளைப் பார்த்தார். வலக்கையில் எச்சில் சொட்டும் அரைத்தாள். இடக்கை நிறைய மற்ற தாள்கள். நாடியைப் பிடிக்க ஒரு விரல்கூட மிச்சமில்லை.

நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவருக்கு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"இயலை எப்போ தருவீங்க?"

"சீக்கிரமே மேடம். பழைய முடிவுரைதான் ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டே. புதுசா எழுதிருதேன்."