படுத்துக்கொண்ட தர்பார்

நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உப்புப் பார்க்க முடியாது. மணத்தை நம்பியும் அல்லாஹ்வை நம்பியும் சட்டியை இறக்கி வைக்க வேண்டும். அப்படி இறக்கிய ஒரு கஞ்சியால் ஒரு தர்பாரே தரையில் உருண்ட கதை இது.

முத்துத்துறை என்கிற கடலோரப் பட்டணத்தைத் தாஜுல் மரைக்கான் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்கே அவரைத் தெரியாது.

ரமலான் பாதி கழிந்திருந்த ஒரு நாள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் சுல்தான் தாடியை நீவிக்கொண்டே சொன்னார்: "பசியை அடக்கிவிட்டேன். தாகத்தை அடக்கிவிட்டேன். மனுஷனை உள்ளேயிருந்து ஆட்டிவைக்கிற நஃப்ஸு இருக்கிறதே, அது இப்போது என் காலடியில் பூனைக்குட்டி மாதிரிக் கிடக்கிறது!"

"மாஷா அல்லாஹ்!" என்றார்கள் எல்லோரும். நெய்னா லெப்பை மட்டும், "பூனைக்குட்டி தூங்குது ஹுஜூர். சத்தம் போடாதீங்க" என்றார். நெய்னா லெப்பை சபையில் ஆலோசனை சொல்கிறவர். ஆள் ஒல்லி, வாய் நீளம்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பாயில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். வசீர் புர்ஹான் கடைசியாக ஓடி வந்து உட்கார்ந்தார். சுல்தானின் மந்திரி, பெரிய தொப்பைக்காரர். ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. நெய்னா அதைக் கவனித்தார்.

சுல்தான் பிஸ்மி சொல்லிக் கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். குடித்தவர் துள்ளி எழுந்தார்.

"இது கஞ்சியா, கடல்தண்ணியா? கூப்பிடு பண்டாரியை!"

சமையல்கார உதுமான் பண்டாரி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "நோன்பு வாயோட உப்புப் பார்க்கலே எசமான். அளந்து ஒரு தடவைதான் போட்டேன்."

"பொய் வேறா! விடியற்காலை கப்பலில் இவனை ஏற்றுங்கள். இனி இந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது!"

பண்டாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெருநாள் கழிந்ததும் அவர் மகளுக்கு நிக்காஹ். பந்தலுக்குக் கூடச் சொல்லிவைத்தாகிவிட்டது.

"சரியான தீர்ப்பு!" என்றார் வசீர். "கவலை வேண்டாம் ஹுஜூர். சமையலுக்கு என் மச்சான் தயாராக இருக்கிறான்."

நாடு கடத்துகிற உத்தரவு என்றால் சுல்தான் நின்றபடி கோலைத் தரையில் தட்ட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். சுல்தான் கோலைத் தூக்கினார்.

"ஹுஜூர்!" என்று நெய்னா குறுக்கே வந்தார். "கோபமா இருக்கீங்களா?"

"பார்த்தால் தெரியவில்லையா?"

"அப்படின்னா உட்காருங்க. நின்றிருப்பவருக்குக் கோபம் வந்தால் உட்காரட்டும், அப்பவும் போகவில்லையென்றால் படுத்துக்கொள்ளட்டும் என்று நம்ம நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லியிருக்காங்களே."

நபி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? சுல்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போயிடுச்சா?"

"இல்லை!"

"படுத்துக்குங்க."

சுல்தான் படுத்தார். அங்கேதான் வந்தது வினை. சுல்தானுடைய பாட்டனார் கொஞ்சம் குள்ளம். தன் தலைக்கு மேலே எவன் தலையும் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். அது இன்னும் அமலில் இருந்தது. சுல்தான் படுத்தால்? தளபதி படுத்தார். தீர்ப்புச் சொல்கிற காஜியார் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். ஈட்டியோடு இருந்த காவலர்கள் ஈட்டியோடு படுத்தார்கள். பழத்தட்டு ஏந்தியவர் தட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார். வசீரும் இடுப்பைப் பிடித்தபடி மல்லாந்தார்.

"இப்போ போயிடுச்சா ஹுஜூர்?"

"இன்னும் இருக்கிறது!"

"அப்ப எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்காம உத்தரவு போட முடியாது."

"கோபம் போனதும் எழுந்து போடுகிறேன்!"

"கோபம் போன பிறகு எதுக்கு ஹுஜூர் உத்தரவு?"

சுல்தான் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

நெய்னா படுத்தபடியே கழுத்தைத் திருப்பினார். "வசீரே, உங்க வயிறு சுல்தான் தலைக்கு மேலே நிக்குது."

"சட்டம் தலைக்குத்தானே? வயிற்றுக்கு ஏது சட்டம்?"

"தலைக்கே இடமில்லாத உசரத்துல தொப்பைக்கு மட்டும் இடமுண்டோ? குப்புறப் படுங்க!"

"வேண்டாம் லெப்பை, மூச்சு முட்டும்."

"குப்புறப் படும் ஐயா!" என்று சுல்தான் தரையிலிருந்தே அதட்டினார்.

வசீர் உருண்டார். தொப்பை தரையில் அமுங்கியது. இடுப்பில் 'பொத்'தென்று ஏதோ வெடித்தது. வெள்ளை வெளேரென்று உப்பு, பாயெல்லாம் சிதறி, பக்கத்தில் படுத்திருந்த காஜியார் தாடிவரைக்கும் வந்தது.

காஜியார் நாக்கை நீட்டி ருசி பார்த்தார். "கல்லுப்பு" என்றார்.

"என்... என் மச்சானுக்காக..." என்று வசீர் உளறினார். பண்டாரி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பாதி உப்பைச் சட்டியில் கொட்டிவிட்டு மீதியை இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார் மனுஷர்!

சுல்தான் முகம் சிவந்தது. கோலை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து நின்றார். "அடே புர்ஹான்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் அசையவில்லை.

"என்ன, நான் நிற்கிறேன், நீங்களெல்லாம் படுத்துக் கிடக்கிறீர்கள்?"

தரையிலிருந்து தளபதி குரல் வந்தது: "எப்படியும் திரும்பப் படுக்கப் போறீங்க ஹுஜூர். எதுக்கு வீணா எழுந்துக்கிட்டு?"

சுல்தான் அந்தத் தர்பாரைப் பார்த்தார். நெஞ்சில் தட்டு, பக்கத்தில் ஈட்டி, உப்புத் தாடியோடு காஜியார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தானே பாயில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"உதுமான், என்னை மன்னித்துவிடு. உன் மகள் நிக்காஹ் விருந்து அரண்மனைச் செலவு. புர்ஹான், பெருநாள்வரைக்கும் நீ பண்டாரிக்கு விறகு பிளந்து கொடு. சரி, எல்லோரும் கை கால் கழுவி ஒளூச் செய்யுங்கள், மஃரிபுத் தொழுகை தப்பிவிடப் போகிறது."

போகும்போது நெய்னாவின் தோளைத் தட்டினார். "இன்றைக்குத்தான் நஃப்ஸை நிஜமாகவே அடக்கியிருக்கிறேன். என்ன வேண்டும், கேள்!"

நெய்னா முதுகைத் தடவிக்கொண்டார்.

"தர்பார் முழுக்க ஒரு நல்ல மெத்தை போட்டுக் கொடுங்க ஹுஜூர். நோன்பு இன்னும் பாதி பாக்கி இருக்குதே!"