எழுவாய் இல்லாத வரி

"தமிழைக் கொல்றாங்க டீச்சர். அதுவும் வாத்தியார்களே."

சொன்னவர் தாணுமாலயன். நாகர்கோவில் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். வயது நாற்பத்தாறு.

கேட்டுக்கொண்டிருந்தவர் உலகம்மை. அவரைவிட ஆறு வயது இளையவர். கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஐந்து வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் தாணுமாலயன் அவரிடம் வந்து பாடம் கேட்கிறார்.

அன்று நூலைத் திறக்கவில்லை.

"என்ன நடந்தது?" என்றார் உலகம்மை.

"எங்க பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கு. முப்பத்திரண்டு பேர். எந்த ர போடணும்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒற்று கிடையவே கிடையாது. நான் திருத்துவேன். ஒவ்வொண்ணையும்."

"ம்."

"வியாழக்கிழமை கணக்கு டீச்சர் ஜெபக்கனி ஒரு செய்தி போட்டாங்க. சின்னச் செய்தி. அதுல ஆறு பிழை. பட்டியல் போட்டுக் காட்டினேன். குழுவை விட்டே போயிட்டாங்க. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இனிமே யாரையும் திருத்தாதீங்கன்னுட்டாங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை."



உலகம்மை நாற்காலியைச் சற்று அருகே இழுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். பிழை பிழைதானே?"

"பிழைதான்."

"உங்களுக்குப் போன்தானே வாசிச்சுச் சொல்லுது. தப்பா எழுதியிருந்தா காதுல குத்தாதா?"

"குத்தும். போன வாரம் ஒரு மாணவி, 'பல்லிக்கு வந்துட்டேன்'னு அனுப்பியிருந்தா. பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் போயிருக்கா."

"என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன். அப்புறம், பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்."

தாணுமாலயன் சிரிக்கவில்லை.

"அப்ப இலக்கணம் எதுக்கு? அஞ்சு வருஷமா நான் உங்ககிட்ட என்ன படிச்சேன்?"

உலகம்மை அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஜெபக்கனி டீச்சர் என்ன எழுதியிருந்தாங்க?"

"சொன்னேனே. 'பேசுறாங்க'ங்கிற இடத்துல இடையின ர போட்டு…"

"அது எப்படி எழுதினாங்கங்கிறது. என்ன எழுதினாங்க?"

தாணுமாலயன் வாயைத் திறந்தார். ஆறு பிழைகளும் வரிசையாக நினைவில் இருந்தன.

"யாரோ ஒரு பிள்ளை… வகுப்புக்கு வரலைன்னு…"

"வாசிங்க."

போனை எடுத்தார். நெடுநேரம் மேலே தள்ள வேண்டியிருந்தது. அவருடைய பட்டியலுக்குக் கீழே நாற்பத்து மூன்று செய்திகள். எல்லாம் ர, ற பற்றி. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டா என்று அறிவியல் ஆசிரியர் கேட்டிருந்தார். யாரோ ஒரு கேலிப் படம் போட்டிருந்தார். அதற்கெல்லாம் மேலே இருந்தது அது.

"9B அபிஷா நாலு நாளா வரல. வீட்டுக்கு போனேன். கல்யாணம் பேசுராங்க. வர்ர ஞாயிறு நிச்சயம். நான் தனியா போனா அவங்க அப்பா கதவை சாத்துரார். யாராவது கூட வறீங்களா"

உரக்க வாசித்தார். நாக்கு தானாகவே சரியான எழுத்தைச் சொல்லிக்கொண்டது.

"எத்தனை பேர் கூடப் போனாங்க?" என்றார் உலகம்மை.

தாணுமாலயன் நாற்பத்து மூன்றையும் ஒருமுறை பார்த்தார். அபிஷாவின் பெயர் எதிலும் இல்லை.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?"

அவர் எழுந்துவிட்டார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜெபக்கனியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் பேனாவை மூடினார்.

"என்ன சார், இதுலயும் பிழை பார்க்க வந்தீங்களா?"

"கூட வரலாமான்னு கேட்க வந்தேன்."

"ரெண்டு நாள் ஆச்சு."

"ஆமா."



 ஜெபக்கனி தாளை அவர் பக்கம் தள்ளினார். திருமணத்தைத் தடுக்கக் கோரும் மனு.

தாணுமாலயன் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'எவ்வளவோ சொல்லியும் சம்மதிக்கவில்லை'ன்னு இருக்கு. யாரு சம்மதிக்கல டீச்சர்?"

"அபிஷாதான். அடிச்சுக்கூடப் பார்த்திருக்காங்க. படிக்கணும்னு ஒரே பிடியா நிக்கிறா."

"வாசிக்கிறவங்க, நீங்க சொல்லி அவ அப்பா சம்மதிக்கலைன்னு எடுத்துக்குவாங்க. இதுல எழுவாய் இல்லை."

ஜெபக்கனி தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆமா சார். அவதான் முக்கியம். அவளையே விட்டிருக்கேன்."

பேனாவை நீட்டினார். தாணுமாலயன் அந்த வரியின் மேலே 'அபிஷா' என்று எழுதினார். பிறகு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மனு அன்று மதியமே குழந்தைகள் நல அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. அதிகாரிகள் வந்து பேசினார்கள். இப்போதைக்குக் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று அபிஷாவின் அப்பா எழுதிக் கொடுத்தார். ஆனால் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் மாலையில் ஜெபக்கனியும் தாணுமாலயனும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் அபிஷாவின் அம்மா தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள் அப்பாவே உள்ளே வரச் சொன்னார்.

ஜெபக்கனி குழுவில் மறுபடி சேரவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை உலகம்மை நூலைத் திறந்து வைத்திருந்தார். பிரெயில் புள்ளிகளின் மேல் விரல் நின்றது.

"அன்னைக்கு நீங்க பதிலே சொல்லலை," என்றார் தாணுமாலயன். "இனிமே நான் திருத்தலாமா, கூடாதா?"

"ஒரு வாக்கியம் சொல்லுங்க. எழுவாய், பயனிலை. ரெண்டே சொல்."

இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் சொல்லிவந்த எடுத்துக்காட்டு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விட்டுவிட்டார்.

"அபிஷா வந்தாள்."

உலகம்மை நூலை மூடினார்.

"எப்போ?" என்றார்.