மீசையில்லாத மந்திரி

மருதங்கோட்டை ராஜ்யத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். பெரிய ஏரியின் மடையைத் திறந்து மூடுவதுதான் அவள் வேலை. ஒரு கோடையில் தண்ணீருக்காக அரிவாளோடு வந்த இரண்டு ஊர்க்காரர்களைப் பேசியே சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட ராஜா சொக்கேந்திரர் அவளைக் கூப்பிட்டு ஏழாவது மந்திரியாக்கிவிட்டார். பெண் மந்திரியா! ஊரே அமர்க்களப்பட்டது.

தளவாய் வீரபாகுவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவரும் மந்திரிதான். காது வரை நீண்ட மீசைக்காரர்.

காத்தாயி வந்த முதல் கூட்டத்திலேயே ஏரிக்கரைப் பேச்சு எழுந்தது. கரையில் ஆள் நுழையும் அளவுக்கு விரிசல். ஐப்பசி மழை வந்தால் கீழே உள்ள பன்னிரண்டு ஊரும் போய்விடும். ஆனால் வெட்டி வைத்த கல்லெல்லாம் தன் யானைகளைக் கட்டும் கொட்டாரத்துக்கு வேண்டும் என்றார் தளவாய்.

"கரை கட்டச் சம்மதிப்பவர் யார்?" என்று ராஜா கேட்டார்.

மூன்று மந்திரிகள் மீசையை முறுக்கினார்கள். அந்தச் சபையில் சம்மதம் சொல்லும் முறை அது. தளவாயும் அவருடைய கூட்டாளி மந்திரிகள் இருவரும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

காத்தாயி எழுந்தாள். "எனக்கும் சம்மதம்!"

"வாயால் சொன்னால் செல்லாது அம்மா," என்றார் தளவாய். "முறுக்க வேண்டும். எங்கே, முறுக்குங்கள் பார்ப்போம்!"

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மூன்றுக்கு மூன்று. சமம். இனி தை மாதக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்," என்றார் தளவாய்.

தை மாதமா! கரை அதுவரை நிற்குமா? காத்தாயி ராஜாவைப் பார்த்தாள். ராஜாவோ கையைப் பிசைந்தார். பாட்டனார் செப்பேட்டில் எழுதிவைத்த சட்டத்தை அவராலும் மீற முடியாது.

"அந்தச் செப்பேட்டை ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள் மகாராஜா," என்றாள் காத்தாயி.

சபை எழுத்தர் குழைக்காதர் வாசித்தார்: "சம்மதிக்கும் மந்திரி மீசையை முறுக்குக."

"யாருடைய மீசையை?"

எழுத்தர் செப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது... எழுதவில்லையே அம்மா!"

அவ்வளவுதான். காத்தாயி நேரே தளவாயிடம் போனாள். அவர் 'ஏய்' என்பதற்குள் வலது பக்கம் ஒரு முறுக்கு. இடது பக்கம் ஒரு முறுக்கு!

"ஐயோ! விடு! மகாராஜா, இது அநியாயம்!" என்று தளவாய் குதித்தார்.

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முறுக்கிய மந்திரிக்குச் சம்மதம். தளவாயின் மீசையும் முறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவருக்கும் சம்மதம். கரைக்கு ஐந்து பேர், எதிராக இரண்டு பேர்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. "நாளைக்கே கல் ஏரிக்குப் போகட்டும்! காத்தாயி, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

காத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பரிசெல்லாம் வேண்டாம் மகாராஜா. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தளவாய் மீசைக்கு எண்ணெய் கொஞ்சம் குறைத்துப் பூசட்டும். பிடி வழுக்குகிறது!"