தவசியின் ளகரம்

மதுரைத் தெற்குவாசலில் ஓதுவார் மாசிலாமணியின் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. ‘சூறை’ என்னும் ராக் இசைக்குழு இருபது ஆண்டுகளாக அங்கேதான் பயிற்சி செய்து வந்தது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் வெள்ளைச்சாமி, காலை வேளைகளில் ஓதுவாரிடம் வந்து குரல் பயின்றான். மாணவனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஆசிரியர் அவனைவிடச் சற்றே மூத்தவர்.

குழுவின் பாடகன் தவசி, சென்ற மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவனுக்கான நினைவுக் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. அவன் நின்ற இடத்தில் நின்று பாட வேண்டியவன் வெள்ளைச்சாமி.

கச்சேரிக்கு முன் அவன் ஓதுவாரிடம் வந்தான்.

“ஐயா, ‘மழையே, என் தெருவுக்கும் வா’ பாட்டைத்தான் கடைசியாப் பாடணும். அதுல ஒரு சிக்கல்.”

“என்ன சிக்கல்?”

“தவசி ‘மளையே’ன்னுதான் பாடுவான். நீங்க எனக்கு நாக்கை மடிச்சு ழகரம் சொல்லிக் குடுத்துட்டீங்க. எதைப் பாடுறது?”

“கூட்டம் எப்படிப் பாடும்?”

“அவனை மாதிரித்தான். நான் திருத்திப் பாடினா, செத்தவனுக்கே பாடம் நடத்துறியாடான்னு கல்லைத் தூக்குவாங்க.”

“கல்லுக்குப் பயந்தா இங்கே வந்தே?”

“இல்லைங்கய்யா.” வெள்ளைச்சாமியின் குரல் தாழ்ந்தது. “அவனை மாதிரியே பாடினா, அவன் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான்ல?”

ஓதுவார் கொட்டகையை ஒட்டிய சுவரின் பக்கம் திரும்பினார்.

“நீங்க கொட்டகைக்கு வந்த புதுசுல நான் போலீசுக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா? ‘நாலு பேர் சேர்ந்து ஒரு தகரத்தைக் கொலை செய்கிறார்கள்’னு எழுதிக் குடுத்தீங்க. ஏட்டு அதை எங்ககிட்டயே வாசிச்சுக் காட்டிச் சிரிச்சாரு.”

“அப்போ எனக்கு எல்லாமே கூச்சல். சில வருஷம் போனபிறகு, கூச்சலுக்குள்ளே உன் டிரம்ஸ் மட்டும் தனியாக் கேட்டது. அப்புறம் கிட்டார். என் வீட்டுக்காரி இறந்தாளே, அந்த வருஷம் நீங்க வெளியூருக்குப் போயிருந்தீங்க. சாயங்காலம் இந்தச் சுவரோரமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதுக்காக உட்கார்ந்தேன்னு எனக்கே தெரியலை. சத்தம் வரலைன்னதும்தான் தெரிஞ்சது.”

“தவசி குரல்?”

“அது கடைசியில்தான் பிடிபட்டது. அந்த ‘மளை’ குறுக்கே நின்னுது. பொறுக்கமாட்டாமல் நேரே போய், ‘தம்பி, நாக்கைக் கொஞ்சம் மடி’ன்னேன். ‘மடிச்சா வளுக்கிருது சாமி’ன்னான். அதிலேயும் அதே எழுத்து!”

வெள்ளைச்சாமி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

“அந்த இடம் வரும்போதெல்லாம் பல்லைக் கடிச்சேன். எத்தனையோ வருஷம். பிறகு எப்போதோ, அந்த இடம் வராதான்னு காத்திருக்க ஆரம்பிச்சேன். என்றைக்கு மாறினேன்னு கேட்காதே, தெரியாது.” ஓதுவார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எங்கே, அவனை மாதிரியே ஒரு தடவை பாடு.”

வெள்ளைச்சாமி கண்களை மூடிக்கொண்டு பாடினான். சொல்லுக்கு முன்னால் வரும் அந்தக் கரகரப்பு, அடியின் முடிவில் மூச்சு அறுந்துபோகும் விதம், ‘மளையே’ என்ற அழைப்பு, யாவும் தவசியாகவே இருந்தன. டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்து இருபது ஆண்டுகள் கேட்ட குரல் அது.

கண்களைத் திறந்தபோது எதிரில் ஓதுவார் இல்லை.

வெள்ளைச்சாமி வெளியே வந்து பார்த்தான். அவர் கொட்டகையின் வாசலில் நின்றிருந்தார். கதவில் தொங்கிய பூட்டைக் கையால் பற்றியிருந்தார். தெருவில் சென்ற ஒருவர் வணக்கம் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

“ஐயா?”

“வந்துட்டான்னு நினைச்சேன்.”

பூட்டை விட்டுவிட்டு அவர் மெல்லத் திரும்பி நடந்தார். படியேறும்போது மூச்சு வாங்கியது. வெள்ளைச்சாமி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

“இனிமே அப்படிப் பாடமாட்டேன்,” என்றான். “ஆனா, சரியாப் பாடினா அவன் இல்லாமலே போயிருவானே ஐயா.”

ஓதுவார் மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“ழகரத்தை அழுத்திச் சொல்லு, வெள்ளை. அவன் இல்லைங்கிறது அந்த எழுத்திலே எல்லாருக்கும் கேட்கட்டும்.”