சங்கு ஊதினால் வெடிக்கும் குழாய்

ராஜாவும் இருந்தார், கம்ப்யூட்டரும் இருந்தது. அப்படி ஒரு நாடு எங்கே என்று என்னைக் குடையாதீர்கள். கதை கேட்க வந்தீர்களா, வரைபடம் பார்க்க வந்தீர்களா?

நாட்டுக்குப் பெயர் மேகமங்கலம். ராஜா கொற்றவீரர். மூன்று கிலோமீட்டர் தள்ளி மலைமேல் ஒரு தொட்டி. அங்கிருந்து இரும்புக் குழாயில் அரண்மனைக்குத் தண்ணீர் வரும். ராஜா குளித்து முடித்ததும் சங்கு ஊதுவார்கள். ஊதிய உடனே அரண்மனைப் பக்க முனையில் உள்ள வால்வை அடைத்துவிட வேண்டும். ராஜா துண்டு கட்டிய பிறகு அரண்மனைக்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் அவமரியாதையாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த மரியாதையோ!

ஒரே மாதத்தில் குழாய் மூன்று முறை வெடித்தது. மூன்றாவது முறை ராஜாவின் செருப்பு படுக்கையறைக்குள் மிதந்தது. பழி, வால்வு அடைக்கும் சடையாண்டியின் தலையில் விழுந்தது.

"வேண்டுமென்றே உடைக்கிறான் மகாராஜா. நாடு கடத்துங்கள்!" என்றார் மந்திரி தீர்த்தகிரி.

விசாரணையா? அதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்வது. சடையாண்டியைச் சிறையில் தள்ளினார்கள். அவன் பெண்டாட்டி கோமதி கைக்குழந்தையோடு கோட்டை வாசலிலேயே கிடந்தாள். அதைப் பார்த்து மனம் பொறுக்காதவர் ஒருவர்தான். ராஜாவைச் சிரிக்க வைக்கச் சம்பளம் வாங்கும் பொன்னுரங்கம்.

"மகாராஜா, நாடு கடத்துவது எங்கே ஓடிப்போகிறது? முதலில் குழாய்க்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று வாங்கலாமே" என்றார் அவர்.

"வாங்கலாம். எது நல்லது?"

"என் மைத்துனரிடம் இருப்பதுதான்!" என்றார் மந்திரி. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது, பாவம்.

மூன்றாம் நாள் சபையில் இரண்டு பேர் கம்ப்யூட்டரோடு நின்றார்கள். ஒருவர் மந்திரியின் மைத்துனர் பஞ்சாட்சரம். அவருடைய மென்பொருளைத் திறந்ததும் ராஜாவின் முகம் வந்தது. வீணை இசை ஒலித்தது. ஏழு நிறத்தில் தண்ணீர் ஓடியது. இன்னொருவர் பொறியாளர் மங்கையர்க்கரசி. அவருடைய திரையில் எண்களும் ஒரே ஒரு கோடும்தான்.

"இது என்ன, கருமாதிப் பத்திரிகையா?" என்று மூக்கைச் சுளித்தார் மந்திரி.

பொன்னுரங்கம் எழுந்தார். "நம் குழாயின் விவரத்தை இருவருக்கும் கொடுப்போம். என்ன நடந்தது என்று மூச்சு விடக்கூடாது. என்ன நடக்கும் என்று அவர்கள் சொல்லட்டும். நடந்தது நமக்குத் தெரியுமே!"

பஞ்சாட்சரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொத்தானைத் தட்டினார். திரையில் பூ மாரி பொழிந்தது. "நூறு ஆண்டு ஆனாலும் வெடிக்காது! மன்னர் வாழ்க!"

மங்கையர்க்கரசி குழாயின் நீளம் கேட்டார், தடிமன் கேட்டார். பிறகு, "வால்வு அடைய எத்தனை நொடி ஆகும்?" என்றார். சபை மொத்தமும் கூரையைப் பார்த்தது. சடையாண்டியை விலங்கோடு கூட்டி வந்தார்கள்.

"ஒரே நொடிங்கம்மா. பழைய வால்வு மெதுவாத்தான் திரும்பும். போன மாசம் புதுசு போட்டாங்க, ஒரே திருப்புல அடைச்சுக்கும். சங்குச் சத்தம் நிக்கிறதுக்குள்ள அடைக்கலைன்னா பத்து சவுக்கடி."

மங்கையர்க்கரசி எண்களைத் தட்டினார். திரையில் கோடு விருட்டென்று மேலே போனது. "ஓடி வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த வேகமெல்லாம் அழுத்தமாகிக் குழாயை அடிக்கும். வால்வை ஒட்டிய முதல் இணைப்பு பிளந்திருக்கும்."

மூன்று முறையும் பிளந்தது அதே இணைப்புதான். ராஜா தாடியைச் சொறிந்தார்.

"இருந்தாலும்... அந்தப் பூ மாரி நன்றாக இருக்கிறதே. அதையே வாங்குவோம்."

"பிரமாதம்!" என்று கை தட்டினார் பொன்னுரங்கம். "அது சொல்வது சத்தியம் என்று ராஜமுத்திரையும் வைத்துவிடுங்கள்."

ராஜா வைத்தார்.

"சரி, இனி சடையாண்டியை அவிழ்த்து விடலாம்."

"ஏன்?"

"வெடிக்காத குழாயை இவன் எப்படி மகாராஜா உடைத்திருப்பான்?"

மந்திரி துள்ளி எழுந்தார். "வெடித்ததே! என் முழங்கால்வரை தண்ணீர் வந்ததே!"

"பார்த்தீர்களா மகாராஜா! ராஜமுத்திரையைப் பொய் என்கிறார்."

மந்திரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராஜா முத்திரை ஓலையைக் கிழித்துப் போட்டார். "சரியம்மா, உன்னுடையதையே வாங்குகிறேன். வெடிக்காமல் இருக்க என்ன வழி?"

"நாற்பது நொடி எடுத்து, மெதுவாக அடைக்க வேண்டும்" என்றார் மங்கையர்க்கரசி.

மந்திரிக்கு உயிர் வந்தது. "சங்கு ஊதிய பிறகும் நாற்பது நொடி தண்ணீர் ஓடுமா! மரியாதை என்னாவது?"

"மன்னர் குளித்துக்கொண்டிருக்கும்போதே அடைக்க ஆரம்பித்தால் தீர்ந்தது" என்றார் பொன்னுரங்கம். "கடைசிச் சொட்டு நின்றதும் சங்கு ஊதட்டும்."

ராஜாவின் முகம் சிவந்தது. "ஒழுகுகிற தண்ணீரின் கீழே நாற்பது நொடி நான் நடுங்கிக்கொண்டு நிற்பதா? நான் என்ன குற்றம் செய்தேன்?"

பொன்னுரங்கம் கைகட்டிச் சொன்னார்:

"மகாராஜா, உங்கள் சங்கு உடைத்த குழாய்க்காக இவன் மூன்று நாள் விலங்கோடு நின்றான். உங்களுக்கு நாற்பது நொடிதான். அதுவும் சோப்போடு."

ராஜா அவரை முறைத்தார். சடையாண்டியைப் பார்த்தார். அப்புறம் கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார். இறங்கி வந்து, விலங்கைத் தன் கையாலேயே கழற்றினார். சடையாண்டி யாரையும் கும்பிடக்கூட நிற்காமல் கோட்டை வாசலுக்கு ஓடினான்.

பொன்னுரங்கத்துக்கு முத்துமாலை கிடைத்தது. மந்திரியையும் ராஜா சும்மா விடவில்லை, ஒரு பதவி கொடுத்தார். தினமும் குளியலறை வாசலில் நின்று, ஒன்று முதல் நாற்பது வரை சத்தமாக எண்ண வேண்டும்.