உரலைச் சுற்றிய ஊர்வலம்

குளக்கரை மருத மரத்தின் வேரடியில் ஒரு கூட்டம் பிள்ளையார் எறும்புகள் குடியிருந்தன. யாரையும் கடிக்காத, கறுப்பான, ஓயாமல் ஓடும் எறும்புகள். கூட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ண நின்றால் வேலை கெட்டுவிடுமே!

அந்தக் கூட்டில் குன்றி என்று ஒருத்தி இருந்தாள். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மழைத்துளி ஏன் உருண்டையாக இருக்கிறது என்பாள். நத்தை வீட்டை முதுகில் சுமக்கிறதே, விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைக்கும் என்பாள். அவள் தூரத்தில் வருவதைக் கண்டாலே பலர் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

எறும்புகள் வாயால் வழி சொல்வதில்லை. ஒருத்தி எங்காவது பொரியையோ வெல்லத் துணுக்கையோ கண்டால், திரும்பி வரும்போது வயிற்றைத் தரையில் தொட்டுத் தொட்டு மணம் வைத்துக்கொண்டே வருவாள். மற்றவர்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இதற்கு ஒரு விதி உண்டு. போய்ப் பார்த்துத் திரும்பியவள்தான் மணம் வைக்கலாம். இன்னும் போய்ச் சேராதவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நடுவில் வழி அறுந்துபோனால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பார்த்தவள் வந்து வழியைச் சேர்த்து வைக்கும்வரை யாரும் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

குன்றிக்கு இந்த விதி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள், அரிசி நொய்யை இழுத்துக்கொண்டிருந்த குதிரைவாலியிடம் கேட்டேவிட்டாள். பெயர்தான் குதிரைவாலி, ஆள் கூட்டிலேயே குள்ளம்.

"எப்படியும் அங்கதானே போறோம்? போகும்போதே மணம் வெச்சா என்னடி?"

"விதின்னா விதி. நொய்யை அந்தப் பக்கம் பிடி" என்றாள் குதிரைவாலி.

குன்றி விடவில்லை. வேறு பலரிடமும் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி, வயிறு தேய்ந்துவிடும் என்றாள். இன்னொருத்தி, காரணம் எனக்கும் தெரியாது, ஆனால் நீ கேட்டுத் தொலைத்த பிறகு இனி எனக்கும் தூக்கம் வராது என்று சலித்துக்கொண்டாள். காரணம் தெரியாத விதியைக் குன்றியால் மதிக்க முடியவில்லை. மீறித்தான் பார்ப்போமே, என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும் என்று முடிவு கட்டினாள்.

மறுநாளே வாய்ப்பு வந்தது. படித்துறையில் யாரோ பொரியைச் சிந்தியிருந்தார்கள். குன்றி போகும்போதே, பொரியைக் கண்ணால் காணாமலே, பாதி வழியிலிருந்து மணம் வைத்துக்கொண்டு போனாள். என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. பொரி இருந்த இடத்தில் இருந்தது. வழியில் மணம் கூடியதால் பின்னால் வந்தவர்கள் விறுவிறுவென்று வந்து சேர்ந்தார்கள். குன்றி போனால் வேலை சட்டென்று முடிகிறது என்று யாரோ பாராட்டவும் செய்தார்கள். குன்றிக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தே நாளில் இது கூடு முழுக்கத் தொற்றிக்கொண்டது. முன்னால் போகிறவள் வைத்தால் பின்னால் போகிறவளும் வைத்தாள். நான்கு பேர் போன வழி, நானூறு பேர் போன வழிபோல் மணத்தது. ஒருமுறை, மைனா எப்போதோ கொத்திக்கொண்டு போய்விட்ட பலாச்சுளையைத் தேடி இருநூறு பேர் ஓடி, வெறும் ஈரத்தை மோந்துவிட்டுத் திரும்பினார்கள். முதலில் மணம் வைத்தது யார் என்று கேட்டதற்கு ஒவ்வொருத்தியும் அடுத்தவளைக் காட்டினாள். நல்ல வேடிக்கை என்று சிரித்துக் கலைந்தார்கள். குன்றியும் சேர்ந்து சிரித்தாள், கொஞ்சம் மெதுவாக.

ஐப்பசி பிறந்ததும் குளம் நிரம்பத் தொடங்கியது. நீர் ஒவ்வொரு நாளும் மருத மரத்தை நோக்கி ஒரு விரல் அளவு ஏறி வந்தது. கூட்டுக்கு இடம் பார்த்துத் தருவது சாமை என்பவளின் வேலை. அவள் தனியாகப் போய், மேட்டில் கறையான்கள் விட்டுவிட்டுப் போன ஒரு புற்றைக் கண்டுபிடித்தாள். உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது. வழி நெடுக மணம் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, பொழுது சாய்வதற்குள் முட்டைகளை அங்கே கொண்டு போய்விட வேண்டும் என்று சொன்னாள். இல்லாவிட்டால் பிறக்கப்போகும் தங்கைகள் ஒருத்தியும் மிஞ்ச மாட்டார்கள்.

ராணியை அழைத்துக்கொண்டு சாமை முதலில் புறப்பட்டாள். அவள் வைத்த வழியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு ஒரு முட்டையாக, முன்னூறு பேர் பிறகு கிளம்பினார்கள். குன்றி எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். குதிரைவாலி அவளுக்கு அடுத்து வந்தாள்.

பாதி தூரத்தில் ஓர் உடைந்த கல் உரல் கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ உருட்டிவிட்டுப் போனது. அதன் அருகே வந்தபோது ஒரு காற்று அடித்தது. பெரிய தேக்கிலை ஒன்று வழியின்மேல் வந்து விழுந்தது. மணம் அறுந்துபோனது.

குன்றி நின்றாள். நிற்கத்தான் வேண்டும், அதுதான் விதி. வானம் உறுமியது. பின்னால் நின்றவர்கள் முட்டையும் வாயுமாக நெருக்கினார்கள். உரல் இடப்பக்கம் இருக்கிறது, வழி அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கும், இதைக் கண்டுபிடிக்கச் சாமை வர வேண்டுமா என்று குன்றிக்குத் தோன்றியது. இடப்பக்கம் திரும்பி, மணம் வைத்துக்கொண்டே நடந்தாள். குதிரைவாலியும் வைத்தாள். முன்னூறு பேரும் வைத்தார்கள்.

உரலைச் சுற்றி நடந்ததும் குன்றியின் உணர்கொம்புகளில் ஒரு மணம் வந்து மோதியது. அப்பாடா, எவ்வளவு பலமான மணம்! இத்தனை பேர் போன வழி தப்பாகவா இருக்கும்? அவள் உற்சாகமாக அதற்குள் இறங்கி, முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களின் பின்னால் நடந்தாள். வழியில் விளிம்பு உடைந்த ஒரு நத்தை ஓடு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதே போல் விளிம்பு உடைந்த இன்னொரு நத்தை ஓடு. பிறகு மூன்றாவதாக ஒன்று.

மூன்று நத்தைகளுக்கு ஒரே இடத்திலா வீடு உடையும்? குன்றிக்குள் இருந்த கேள்விக்காரி விழித்துக்கொண்டாள். ஓரமாக ஒதுங்கி, வரிசையை முந்திக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே ஒவ்வொருத்தியின் கொம்பையும் தொட்டு, யாரைப் பார்த்து நடக்கிறாய் என்று கேட்டாள். எனக்கு முன்னால் போகிறவளை என்றாள் ஒருத்தி. முன்னால் போகிறவளும் அதையே சொன்னாள். ஐம்பது பேர், நூறு பேர், இருநூறு பேர் என்று தாண்டியும் எல்லோருக்கும் அந்த ஒரே பதில்தான். கடைசியில் ஒரு குள்ளமான முதுகு தெரிந்தது.

"குதிரைவாலி, நீ யாரைப் பார்த்து நடக்கிறே?"

"என்னடி கேள்வி இது? உன்னைப் பார்த்துத்தான். உன் மணத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இவ்வளவு நேரமா வர்றேன்?"

குன்றி திரும்பி வரிசையைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தேடிய காரணம் கண்ணெதிரே உரலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தவள் என்று அந்த முன்னூறு பேரில் ஒருத்திகூட இல்லை. ஆனால் முன்னூறு பேரும் பார்த்து வந்தவர்களைப் போலவே மணம் வைத்திருந்தார்கள்.

முதல் துளி விழுந்தது. உரலின் தாழ்ந்த பக்கத்தில் நீர் கசிந்து வரத் தொடங்கியது. குன்றி நில்லுங்கள் நில்லுங்கள் என்று கத்திப் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. காலடியில் இருந்த மணம் போ போ என்று சொல்லும்போது ஒருத்தி கத்துவது யார் காதில் ஏறும்? அவளுடைய கால்களே அந்த வட்டத்துக்குள் போகத்தான் துடித்தன. புது மணம் விழாவிட்டால் பழையது கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குதிரைவாலியின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் வெச்ச பொய் வழிடி. நிக்க முடியலேன்னா நட. ஆனா வயித்தைத் தூக்கிக்கிட்டு நட. பின்னால வர்றவகிட்டயும் சொல்லு."

குதிரைவாலி அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு வயிற்றைத் தூக்கினாள். செய்தி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போனது. ஒரு சுற்று போனது, இரண்டாவது சுற்று போனது. மணம் மெல்ல மெல்ல மங்கியது. ஊர்வலம் தளர்ந்து, கலைந்து, எல்லோரும் எங்கே இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குன்றி தேக்கிலையின் அடியில் புகுந்தாள். மெல்லிய நூல்போலச் சாமையின் மணம் அங்கேயே இருந்தது, நேராக மேட்டைப் பார்த்து. மறுபுறம் தலையை நீட்டியபோது சாமையே எதிரில் வந்துகொண்டிருந்தாள். ஆட்களைக் காணோமே என்று அவள் அப்போதே திரும்பிக் கிளம்பியிருந்தாள். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும், வந்து சேர்ந்திருப்பாள்.

"உரல் பக்கம் மணம் வெச்சது யாரு?" என்றாள் சாமை.

குன்றி பக்கத்தில் யாரையும் காட்டவில்லை. "நான்தான்" என்றாள்.

சாமைக்கு மேலே கேட்க நேரமில்லை. இலையைச் சுற்றிப் புது மணம் வைத்து வழியைச் சேர்த்தாள். எல்லோரும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முக்கால்வாசிப் பேர் மேடு ஏறியபோது மழை கொட்டியது. உரலின் தாழ்ந்த பக்கம் நின்றவர்களை நீர் தூக்கி அடித்தது. புல்லைப் பிடித்து எல்லோரும் கரையேறினார்கள். ஆனால் அவர்களில் யார் வாயிலும் முட்டை இல்லை.

குன்றியின் முட்டை பத்திரமாகப் புற்றுக்கு வந்து சேர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடைசி எறும்பிடம்வரை செய்தியைச் சொல்ல நின்ற குதிரைவாலி, நனைந்து, வெறும் வாயோடு ஒரு மூலையில் கிடந்தாள். குன்றி தன் முட்டையை வைத்துவிட்டு அவள் அருகே போய் நின்றாள்.

குதிரைவாலிதான் பேசினாள்.

"நீ வெச்சேன்னு நானும் வெச்சேன். எனக்கு விதி தெரியும். தெரிஞ்சும் வெச்சேன்."



தெருவில் நடந்தாலும் சரி, செல்போன் குழுவில் ஒரு செய்தியை அனுப்பினாலும் சரி, நம்மை நம்பிப் பின்னால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எல்லோரையும் காக்க ஏற்பட்ட விதியைத் தனக்கு மட்டும் யாரும் தளர்த்திக்கொள்ளக் கூடாது.